எட்டு மணி நேரம் தாங்கணும்

“ஆம்பளைங்க போடுற குளிர் ஜெர்கின், இருக்கிறதுலேயே தடியா ஒண்ணு வேணும்ணே. கொஞ்சம் சீக்கிரம்” என்றாள் அவள், கடைக்குள் முழுதாக நுழைவதற்கு முன்பே.

கடைக்காரர் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வெளியே தார் இளகுகிற வெயில். ஊருக்கே கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து இரண்டு நாளாகிறது. இந்தக் கொதிப்பில் குளிர் உடுப்பு கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான்.

அந்தத் தெருவில் அவருக்குப் ‘பொழிப்புரை’ என்று பேர். பனியன் கேட்டுப் போனால் பருத்திச் செடியிலிருந்து ஆரம்பிப்பார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வாங்கிய துணி இதுவரை யாருக்கும் சோடை போனதில்லை.

பரணில் ஏறி இரண்டு ஜெர்கின்களை இறக்கித் தூசி தட்டினார். யாருக்கு என்று கேட்டார். தம்பிக்காக என்றாள். தம்பி உயரமா, குட்டையா, ஒல்லியா என்று அடுக்கினார். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்றே கால். ஒன்றே முக்காலுக்குப் பஸ், அதை விட்டால் நாளைக்குத்தான் என்றாள்.

கையிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பார்க்கச் சொன்னார். அவள் அதை இன்னும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“எட்டு மணி நேரம் தாங்குமாண்ணே?”

“எதுக்கும்மா அப்படிக் கணக்கா கேக்குற?”

“தம்பி ஆஸ்பத்திரியில கிடக்கான். எட்டு மணி நேரம் இது தாங்கிட்டா அவன் பொழைச்சுக்குவான். நடுவுல கைவிட்டுச்சுன்னா...” அவள் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பஸ் போகிற ஊர் மலை மேலே இருக்கும், ராத்திரிப் பனியைத்தான் எட்டு மணி நேரம் என்கிறாள் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். உடைந்த ஜன்னல், ஒற்றைப் போர்வை, நடுங்குகிற பையன் எல்லாம் கண்முன் வந்தது. விலை போகாத சரக்கைத் தள்ளிவிடுகிற நேரம் இதுவல்ல. தவறாக ஒன்றைக் கொடுத்து, நாளைக்கு அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தூக்கம் வருமா?

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார். ஒன்றின் உள்ளே வாத்து இறகின் மெல்லிய தூவி. மற்றதில் செயற்கைப் பஞ்சு. உண்மையில் வேலை செய்வது இவற்றுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்றுதான் என்றார். ஆடாமல் அசையாமல் நிற்கிற காற்றைக் கடந்து போகச் சூடு திணறிப்போகும். உள்ளே இருப்பது ஒரே பக்கமாகச் சரிந்துவிடாமல் இருக்கத்தான் கட்டம் கட்டமாகத் தையல்.

“ஈரம் பட்டா?” என்றாள்.

இறகு ஈரமானால் நனைந்த கோழிதான், ஒட்டிப்போய்விடும். பஞ்சு அப்போதும் ஓரளவுக்கு உப்பி நிற்கும் என்றார். அவள் இறகு ஜெர்கினைத் தள்ளிவிட்டுப் பஞ்சு ஜெர்கினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த அசைவில் அவள் பையிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் மேஜைமேல் விழுந்தது. பாட்டில் மூடி கழன்றிருக்கும் பார் என்றார். அவள் கையாலேயே துடைத்தாள்.

“கையை உள்ள விட்டுப் பாரும்மா, தெரியும்.”

விட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளிறியது.

“சூடா இருக்கேண்ணே” என்றாள், குறை சொல்வது போல.

“அது உன் கையோட சூடும்மா. இது தனியா ஒண்ணும் தராது.” அவர் ஒரு கணம் தயங்கினார். வியாபாரம் கெட்டாலும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார். “நிஜத்தைச் சொல்லிடறேன். இது அடுப்பு இல்ல, வெறும் தடுப்பு. படுத்த படுக்கையா இருக்கிறவன் உடம்புல சூடு எங்க இருக்கும்? உள்ள இல்லாத சூட்டை இது எங்கேருந்து கொண்டுவரும்? இதை நம்பி உன் தம்பியை விட்டுடாத.”

அழுதுவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ மேஜையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

“இதுவா எதையும் சூடாக்காது. அப்படித்தானே?”

“ஆக்காது.”

“வெளியில அடிக்கிற சூடு?”

“அதையும் லேசுல உள்ள விடாது. தடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆனா அது எதுக்கு உனக்கு?”

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் மூச்சை முழுதாக விட்டாள். பஞ்சு ஜெர்கினை மேஜைமேல் மல்லாக்க விரித்து, பைக்குள் கைவிட்டு, சொட்டச் சொட்ட ஒரு துண்டு மூட்டையை எடுத்தாள்.

“பஸ் போய்ச் சேர எட்டு மணி நேரம்ணே. வெளியூர்லேருந்து கொண்டுவந்த ஐஸ் பெட்டி இங்க பஸ் ஸ்டாண்டுல விழுந்து உடைஞ்சுபோச்சு. கரண்ட் இல்லாத ஊர்ல வேற ஐஸும் இல்ல” என்றபடி ஈரத் துண்டைப் பிரித்தாள். பாதி கரைந்த ஐஸ்கட்டிகளுக்கு நடுவே, தம்பிக்குப் போடவேண்டிய நான்கு ஊசி மருந்துக் குப்பிகள் சில்லென்று கிடந்தன.

பொழிப்புரை எட்டி அந்த இறகு ஜெர்கினையும் எடுத்தார். “பஞ்சு உள்ள, இறகு வெளிய. கட்டிக்கிட்டு ஓடு.”