பழைய நம்பர்

புதுத் தையல் கம்பெனியில் சேர்ந்தவள், பழைய கம்பெனியின் பி.எஃப். பணத்தை மாற்ற இ-சேவை மையத்துக்கு வந்திருந்தாள்.

"ஓடிபி உங்க வீட்டுக்காரர் நம்பருக்குப் போயிருக்கு. கேட்டுச் சொல்லுங்க," என்றார் கவுண்டர்காரர்.

தயங்கியபடியே போன் போட்டாள்.

"ஒரு ஓடிபி வந்திருக்கும். பார்த்துச் சொல்றீங்களா?"

கேட்ட எண்களை எழுதிக் கொடுத்தாள்.

"சொந்தப் புருஷன்கிட்ட என்னம்மா தயக்கம்? பேசாம உங்க நம்பரையே போட்டுடவா?"

"வேண்டாங்க. அதுவே இருக்கட்டும்."

வாசலுக்கு வந்தும் போனை வைக்க மனம் வரவில்லை. மறுமுனையில் ஓர் இளம்பெண்ணின் குரல்:

"அக்கா, தினமும் கூப்பிட்டு, நான் ஹலோன்னதும் வெச்சிடறது நீங்கதானே?"

"இது என் வீட்டுக்காரர் நம்பரா இருந்துச்சும்மா. போன வருஷம் தவறிட்டார்."



"நாளைக்கும் கூப்பிடுங்கக்கா. எடுத்துட்டுப் பேசாம இருக்கேன்."