நான்காவது முனை

செம்பாக்கம் கோயில் சுவரில் புனித சூசையப்பரின் காலடியில் யேசுதாசனும் மண்டியிட்டிருந்தார். கோயில் எழும்புவதற்கு மூன்று வருஷம் அலைந்தவர் என்பதால் அவரையும் சேர்த்து வரையச் சொல்லியிருந்தார் பங்குச் சாமியார். சூசையப்பரின் தலைக்குப் பின்னால் தங்க வட்டம். யேசுதாசனின் தலைக்குப் பின்னால் தங்கச் சதுரம்.

"எனக்கு மட்டும் ஏன்பா பலகை மாதிரி?" என்று பெயின்டர் சவுரிமுத்துவைக் கேட்டார்.

"வட்டம் புனிதருங்களுக்கு சார். உசுரோட கீறவங்களுக்கு சதுரம்தான். ரோமாபுரில அந்தக் காலத்துலயே அப்படித்தான் போட்டாங்களாம். சாமியார் புக்குல காட்னாரு."

யேசுதாசன் தாம்பரத்தில் ரயில்வே ஹெட்கிளார்க். பதவி உயர்வு படிப்படியாகத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் 1969 தவக்காலத்தின் முதல் ஞாயிறு, சதுரத்தின் ஒரு முனை வளைந்திருந்ததைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாவது முனை வளைந்தது. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது.

"நீதானே திருத்தினே?" என்று சவுரிமுத்துவின் தோளைத் தட்டினார்.

"நான் தொடவேயில்ல சார்." அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் யேசுதாசன் தன் வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். மனைவி ரத்தினபாயைக் கூப்பிட்டார்.

"படப்பையில உங்க அண்ணனுக்கும் சொல்லியனுப்பு. இத்தனை நாளா என்னை மதிக்காதவங்க எல்லாரும் நாளைக்கு வந்து, வரிசையா நின்னு பார்த்துட்டுப் போகட்டும்."