எழும்பாத கை

"நட்டஈடு குடுக்கறீங்களா, இல்ல கோயமுத்தூர்ல உங்க பெரிய ஆபீசருக்கு எழுதிப்போடட்டுங்களா?" மருதாசலம் எகிறினார். "எங்கண்ணன் கையையே முடக்கிப்போட்டீங்களே!"

அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்தில், அண்ணன் பாலுசாமி படுத்திருந்த கட்டிலோரம் நின்று நடுங்கினார், மாட்டு ஊசிக்காரர் ராமுலு.

கோமாரி ஊசி காளைக்குத்தான் போட வந்தது. காளை விவரமானது, ஊசி வரும் நேரம் பார்த்து விலகிக்கொண்டது. கயிறு பிடித்திருந்த பாலுசாமிக்கு அந்த விவரம் பத்தவில்லை. வலது புஜத்தில் வாங்கிக்கொண்டார். அன்று தொங்கிய கை இன்னும் எழும்பவில்லை. காளை சௌக்கியம்.

"வேலை போச்சுன்னா எம்பட குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துருமுங்க," என்றார் ராமுலு.

"எங்கண்ணன் தனிக்கட்டைங்க. தண்ணி கட்டி, சோறு பெசஞ்சு ஊட்டி, ராத்திரி தொணைக்குப் படுக்கறது வரைக்கும் நாந்தான்!"

அந்தப் பயத்திலும் ராமுலுவுக்கு ஆச்சரியம். கிணற்றுத் தண்ணீர் முறையில் முட்டிக்கொண்டு, பேச்சையே விட்டவர்கள் இவர்கள். அண்ணன் வீட்டுச் சேவல் கூவினால் தம்பி வீட்டுச் சேவல் அன்றைக்கு வாயே திறக்காது என்பார்கள்.

"மருதா," என்றார் பாலுசாமி. "காத்துல உழுந்த எளநீக் கொலை ஒண்ணு களத்தோரம் கெடக்குது. சாருக்கு எடுத்துட்டு வா கண்ணு."

தம்பியின் தலை மறைந்ததும், எழும்பாத கை எழும்பி வந்து ராமுலுவின் கையைப் பிடித்தது. விரல்கள் நெரிந்தன.

"ஏனுங்க, கை...!"

"மெதுவாப் பேசுங்க. அது மறுநாளே சரியாப்போச்சு. தெரிஞ்சா அவன் ஊட்டுக்குப் போயிருவானுங்க. உங்க புண்ணியத்துலதான் தம்பி கையால சோறு திங்கறேன். நட்டஈடா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அவன் கேட்டா, இந்தக் கை இனி எழும்பாதுன்னு சொல்லிப்போடுங்க. ஆபீசருக்கு ஒண்ணும் போகாம நான் பாத்துக்கறேன்."

ராமுலு கண் கலங்கிக் கும்பிட்டார்.

இளநீர்க் குலையை டிவிஎஸ் வண்டியில் கட்டிவிட வேலி வரை வந்தார் மருதாசலம்.

"நெசத்தச் சொல்லுங்க. அண்ணன் கை எழும்புமுங்களா?"

ராமுலு முகத்தைத் தொங்கப்போட்டார். "எழும்பாதுங்க."

"அப்பாடா!" மருதாசலம் அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "யார் கேட்டாலும் அதையே சொல்லிப்போடுங்க சார். நட்டஈடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கை சரியாச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த ஊட்டுக்கு வாரது?"

பிறகு குலையின் காம்பைத் திருப்பிக் காட்டினார். அரிவாள் வெட்டு பளிச்சென்றிருந்தது.

"காத்துல எங்கீங்க உழுந்துது? இன்னைக்கு விடியக்காலைல அண்ணந்தான் மரமேறி வெட்டுனாரு. எங்க என்னையப் பாத்துருவாரோன்னு, நான் போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன்."