பட்டியலில் விடுபட்டது

தெருவாசிகளின் மேலான கவனத்துக்கு: கஞ்சா கடத்திச் சிறை சென்ற சௌரிராஜன் அந்தத் தொழிலில் சேர்த்த சொத்துகள் அனைத்தையும் அரசு இன்று பறிமுதல் செய்கிறது. தமுக்கு ஓய்ந்ததும் அதிகாரி பட்டியலை உரக்க வாசித்தார். சௌரிராஜனின் மனைவி செண்பகவல்லி தலைகுனிவாள் என்று தெரு காத்திருந்தது. அவளோ, மூன்று மாடி வீடு, இரண்டு லாரி, எண்பது பவுன் என்று வாசிக்க வாசிக்க, மகளுக்குச் செய்த சீரை ஊரறியச் சொல்லக் கேட்பவளைப் போல நிமிர்ந்துகொண்டே போனாள். எதிர்வீட்டு நாச்சியார் உதட்டைப் பிதுக்கினாள். "இம்புட்டுதானாக்கா? நாங்க என்னமோன்னுல்ல நெனச்சோம்." செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. "சார், நல்லாப் பாத்து வாசிங்க. எந்தம்பி பேர்ல கெடக்குற பதினாலு ஏக்கர் தென்னந்தோப்ப விட்டுட்டீகளே." அதிகாரி பேனாவைத் திறந்தார். பிள்ளைகளுக்கென்று ஒளித்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.