சாண் நீளச் சட்டை

பண்ணைக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய இளம்பெண், நேராகத் தையல்காரர் நாச்சிமுத்துவின் கடைக்கு வந்து சாண் நீளச் சட்டை ஒன்றை நீட்டினாள்.

“கைத்தையலுங்க. இப்பத்தான் பழகுறேன். சரியா இருக்கான்னு பாருங்க.”

நாச்சிமுத்து புரட்டிப் பார்த்தார்.

“மடிப்பை உள்ள விட்டிருக்கியே தாயி! பச்சப்பிள்ளை ஒடம்பை அறுத்திராதா? வெளிய விடணும். பித்தானும் ஆகாது, நாடா வை.”

சொல்லிக்கொண்டே தையலைப் பிரித்தவருக்கு அப்போதுதான் துணி கண்ணில் பட்டது.

“மொதச் சட்டையப் புதுத் துணியிலயா தைப்பாங்க? ஒங்கப்பா கட்டிப் பழசான வேட்டி ஒண்ணு கொண்டா. பெத்தவளோட அப்பன் வேட்டிதான் பிள்ளைக்கு ராசி.”

“அதுக்குத்தாங்க அய்யம்பாளையத்துலருந்து வந்தேன். பிள்ளை என்னுது இல்லீங்க, எங்க அண்ணனுது. பெத்தவங்க எங்க அண்ணி. உங்க மக கந்தம்மா.”

சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகளின் பெயர் அந்தக் கடையில் காதில் விழுந்து இரண்டு வருஷமாகிறது. நாச்சிமுத்து கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது தோளில் வெளுத்த வேட்டி, கழுத்தில் அளவு நாடா. கடைக் கதவைச் சாத்தினார்.

“அளவெடுக்காம எப்படித் தைக்கிறது? வெரசா நட தாயி, பஸ்ஸு போயிரும்.”