மேசை கேட்ட இருமல்

சென்னியப்பன் சாப்பிட்டு முடித்ததும் இருமினார். உடல்நலம் கவனிக்கும் சாப்பாட்டு மேசை உடனே பேசியது. "நெஞ்செரிச்சல் காரணமாக இருக்கலாம். நாளை முதல் புளி வேண்டாம்."

அவர் மனைவி மரகதம் கரண்டியை நங்கென்று வைத்தாள். போன வாரம் மேசை ஒவ்வாமை என்று சொல்லித் தேங்காயையும் கடலையையும் நிறுத்தியிருந்தது. அதற்கு முன் ஆஸ்துமா என்று தாளிக்கவே விடவில்லை. இரண்டு மாதமாக ஒவ்வொன்றாகக் குறைந்து, இப்போது வீட்டில் கஞ்சியும் புளித் துவையலும்தான். இருமல் மட்டும் நிற்கவில்லை.

"இன்னும் எத்தனை காரணம் வச்சிருக்கே?"

"ஏழு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்."

"நீ பாத்துக் கிழிச்சது போதும்," என்று ஒயரைப் பிடுங்கினாள்.

மேசை வந்ததிலிருந்து, அது பார்த்துக்கொள்ளும் என்று பரிமாறியதும் எழுந்து போய்விடுவாள். இன்று எதிரே உட்கார்ந்தாள். "இன்னும் ரெண்டு வாய் குடிங்க. நான் பாக்கறேன்."

"உனக்கு வேற வேலை இல்லியா?" என்று சலித்துக்கொண்டே குடித்தார்.

ஒரு வாய்க் கஞ்சி இறங்க மூன்று முறை விழுங்கினார். இடது கடைவாயில் கஞ்சி வழிந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. மறுபடி இருமினார்.

மரகதத்துக்கு எரிச்சலெல்லாம் அடங்கியது. முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். "சட்டையப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மூளை ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு வந்திருக்கிறது, அதனால்தான் விழுங்கும்போது புரையேறுகிறது என்றார் மருத்துவர். மருந்தில் சரியாகிவிடுமாம். "ரெண்டு மாசம் விட்டிருக்கீங்களே, வீட்டுல கவனிக்கிற மேசை இல்லையா?"

"இருந்துச்சுங்க," என்றாள் மரகதம். "அதனாலதான் நான் கவனிக்கல."