ஊரை எழுப்பு

அணைக் கதவுகளை இயக்கும் மென்பொருளைப் லிஸ்ப் என்ற நிரல்மொழியின் பழைய வடிவத்திலிருந்து புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. எல்லாம் முடிந்து ஒரே ஓர் இடத்தில், நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் புதிய கம்பைலர் முரண்டுபிடித்தது. வெள்ளம் எல்லை மீறினால் அபாயச் சங்கை ஊதவைக்க வேண்டிய ‘ஊரை எழுப்பு’ என்ற ஃபங்ஷன், அதாவது அந்த வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, நிரலில் எங்குமே இல்லை.

"சார், இதை யாருமே எழுதல."

"இத்தனை வருஷமா ஓடுச்சேம்மா?" என்றார் மேலாளர் தணிகாசலம்.

"பழைய லிஸ்ப், ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போதுதான் அது இருக்கான்னே தேடிப் பாக்கும். கூப்பிடற அளவுக்கு இன்னும் தண்ணி வரல."

"அப்ப பேருக்கு ஒண்ணு எழுதி வை. உள்ள எதுவும் வேணாம். எரர் போனாப் போதும்."

பெயரை எழுதி, அடைப்புக்குறியைத் திறந்து மூடினாள். கம்பைலர் சமாதானமாகிவிட்டது. தணிகாசலம் டீ சொல்லப் போனார். ஏதாவது எரர் சொல்லாதா என்று ஜெசிந்தா கம்பைலரை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். அது வாயே திறக்கவில்லை.